தேசவழமையும் பிரிந்த குடும்பமும்

யாழ்ப்பாணத்து ஊர்களில் ஒரு குடும்பம் பிரிவுபடுங்கால், இரு பகுதி உறவினரும் கூடியிருந்து பேசும் பேச்சிலே, "தேசவழமைப்படி பிள்ளை ஆருக்குச் சேரும்?" என்னும் வினா எழாமற் போவது அரிது. வரலாறு கற்பிக்கும் ஆசிரியனாகிய என்னிடமும் பழைய மாணவர் சிலர் இவ்வினாவை விடுத்ததுண்டு. வழக்கறிஞரிடம் கேட்க வேண்டியதை வரலாற்றாசிரியனிடம் கேட்கின்றனரே என்று முதலில் எண்ணினேன். பின்னர் நூலை எடுத்துப் பார்த்தபோதுதான், இவ்வினா வழக்கறிஞருக்கு உரியதாயிருக்கும் அளவுக்கு வரலாற்றுக்கும் உரியதென்பது தெளிவாயிற்று. ஏனெனில், இதற்கு நேர்விடை கூறும் வாக்கியம் தேசவழமையில் இல்லை. விவாகரத்தைப் பற்றியும் அதில் விதி இல்லை. இவ்வளவு பெரிய பொருளிலே நம்மவர் சட்டநூல் வாய்மூடியிருந்தது ஏன், அவ்வெற்றிடத்தை நிரப்ப வந்த சட்டம் எங்கிருந்து வந்தது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தேசவழமை நூல் உருவான கதையிலிருந்தே தொடங்குதல் வேண்டும். 1658இல் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், காணி வழக்குகளைத் தீர்ப்பதிலே பெரிதும் இடர்ப்பட்டனர். ஊர் வழக்கம் இன்னதென்று சாட்சி கூறுவோர் ஆளுக்கொரு விதமாகக் கூறினர். ஆதலின், ஆளுநர் கொர்னேலிஸ் யோவான் சைமன்ஸ் என்பார், இந்நாட்டு வழக்கங்களைத் திரட்டி எழுதித் தருமாறு பணித்தார். அப்பணியைச் செய்தவர் யாழ்ப்பாணத்துத் திசாவையாயிருந்த கிளாஸ் ஈசாக்ஸ். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இம்மண்ணிலே வாழ்ந்து பழகிய அவர், தாம் கண்டும் கேட்டும் அறிந்தவற்றை ஒல்லாந்த மொழியில் எழுதி, 1707ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள் ஒப்படைத்தார். பின்னர் அது தமிழிலே பெயர்க்கப்பட்டுப் பன்னிரண்டு முதலியார்களின் பார்வைக்கு வைக்கப்பட்டது. அவர்கள் நாட்டு வழக்கத்தோடு அது பொருந்துமென ஏற்றுக்கொண்டனர். ஆங்கிலேயர் ஆட்சியில் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதி அதற்கு முழுமையான சட்டவலு அளித்தது.

ஈண்டு மாணவர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கேட்டவர் ஒல்லாந்த அதிகாரி. அவருக்கு வேண்டியிருந்தது காணியும் மரபுரிமையும் பற்றிய தெளிவு. ஒப்புக்கொண்டவர் பன்னிருவரும் பதவியிலிருந்த ஆடவர். கேட்கப்படாத வினாவுக்கு ஒரு நூல் விடை கூறாது. அடிமைகளைப் பற்றித் தனிப்பகுதி வகுத்த அந்நூல், கணவனால் கைவிடப்பட்ட மனைவிக்கென ஒரு பகுதி வகுக்கவில்லை. அவள் வழக்கு அக்கால நீதிமன்றங்களைத் தொல்லைப்படுத்தவில்லை போலும். அல்லது அது ஊருக்குள்ளேயே தீர்க்கப்பட்டிருக்கலாம்.

நூலின் முதுகெலும்பாயிருப்பது சொத்தின் மூவகைப் பகுப்பு. கணவன் தன் முன்னோரிடமிருந்து பெற்றது முதுசொம்; மனைவி கொண்டுவந்தது சீதனம்; இருவரும் மணவாழ்க்கையில் ஈட்டியது தேடியதேட்டம். பண்டை நாளில் முதுசொம் ஆண்மக்களுக்கும் சீதனம் பெண்மக்களுக்கும் சென்றதென்றும், போர்த்துக்கேயர் காலத்தில் இவ்வேறுபாடு தளர்ந்து மூவகைச் சொத்திலிருந்தும் பெண்களுக்குச் சீதனம் கொடுக்கும் வழக்கம் ஏற்பட்டதென்றும் நூலே கூறுகின்றது. தாய்வழியே பெண்ணுக்குச் சொத்துச் செல்லும் இம்முறையில் மலையாள நாட்டு மருமக்கட்டாயத்தின் சுவடுகளைக் கண்டார் எச். டபிள்யூ. தம்பையா. அக்கருத்தை முற்றாக ஏற்காதவரும், சீதனம் பெண்ணுக்கே உரிய தனிச்சொத்தென்னும் உறுதியை மறுத்தல் இயலாது. குடும்பம் பிரியும்போது இவ்வுறுதியே அவளுக்குக் கைகொடுத்ததென்பதைப் பின்னர்க் காண்போம்.

இனிப் பிள்ளைகளின் நிலை. தந்தை முதலில் இறப்பின், சொத்து முழுவதும் தாயின் கையிலே இருக்கும். அவள் பிள்ளைகளை வளர்த்துப் பெண்மக்களுக்குச் சீதனம் கொடுத்து மணம் முடித்துவைக்கக் கடமைப்பட்டவள். ஆண்மக்கள் தாய் உயிரோடிருக்கும் வரையில் பங்கு கேட்டல் ஆகாது. தாய் முதலில் இறப்பின், தந்தை மறுமணம் செய்யாதிருக்கும் வரையில் அவனுக்கும் இத்தகைய நிலையே. ஆனால், அவன் மறுமணம் செய்ய விரும்பினால் நிலைமை மாறுகின்றது. பிள்ளைகள் இளையராயின், இறந்த மனைவியின் பெற்றோரோ நெருங்கிய உறவினரோ அவர்களைப் பொறுப்பேற்று வளர்ப்பது வழக்கம். அப்போது தந்தை வெறுங்கையோடு பிள்ளையை அனுப்ப முடியாது. இறந்தவள் கொண்டுவந்த சீதனம் முழுவதையும், முதல் மணத்தில் ஈட்டிய தேடியதேட்டத்திற் பாதியையும் பிள்ளைகளுடனே ஒப்படைத்தல் வேண்டும். தாய் தந்தை இருவரும் இறந்துவிடின், இரு பகுதி உறவினரும் கூடி, பிள்ளைகளை எவரிடம் விடுவதென்று தீர்மானித்து, தீர்மானிக்கப்பட்டவரிடம் பிள்ளையையும் சொத்தையும் ஒருங்கே கொடுப்பர்.

இவ்விதிகளை ஊன்றிப் படிப்போர்க்கு ஓர் உண்மை புலனாகும். பிள்ளை எங்கே செல்கின்றதோ அங்கே அதற்குரிய சொத்தும் செல்லுதல் வேண்டுமென்பதே இவற்றின் உட்பொருள். சிற்றன்னையின் வீட்டில் முதல் மனைவியின் பிள்ளை படக்கூடிய துன்பத்தை அறிந்தவர்களே இவ்விதியை வகுத்திருத்தல் வேண்டும். தந்தை உயிரோடிருக்கையிலேயே பிள்ளை தாயைப் பெற்றோர் வீட்டுக்குப் போவதை இயல்பான வழக்கமாக இந்நூல் கொள்கின்றது. தந்தையின் அதிகாரத்தை எல்லாவற்றுக்கும் மேலாக வைத்த உரோமரின் சட்டத்தோடு ஒப்பிட்டால் இது எத்துணை வேறானது! அதே வேளையில், பிள்ளையை வேண்டுவோர் பிள்ளைக்காக வேண்டினரா, சீதனக் காணிக்காக வேண்டினரா என்ற ஐயமும் எழாமலில்லை. பொருளோடு பிள்ளையைக் கட்டிவிட்டால் இவ்வையம் எக்காலத்தும் உடன்வருவதே.

இன்னொரு செய்தியையும் சொல்லிச் செல்கின்றேன். கைம்பெண் மறுமணம் செய்ய விரும்பினால் சொத்துக்கு என்ன நேருமென்பதை இந்நூல் இயல்பாகப் பேசுகின்றது, கண்டனம் எதுவுமில்லை. கைம்பெண் மறுமணம் நம்மவரிடையே என்றுமே இல்லாததென்று சாதிப்போர் 1707ஆம் ஆண்டு ஏட்டை ஒருமுறை புரட்டிப் பார்த்தல் நன்று.

பிரிந்து வாழும் கணவன் மனைவியரைப் பற்றி இந்நூல் பேசும் இடம் ஒன்றேயொன்றுதான். அதுவும் நன்கொடையைப் பற்றிய பகுதியிலே, போகிற போக்கிற் சொல்லப்பட்டது. கணவனும் மனைவியும் ஏதோ மனவேறுபாட்டால் பிரிந்திருக்குங்கால், பிள்ளைகள் பெரும்பாலும் தாயின் பக்கமே நின்று அவளுடனேயே தங்குவதைக் காண்கிறோம் என்றும், அந்நிலையில் மனைவியின் சீதனத்தில் எப்பகுதியையும் பிறருக்கு நன்கொடையாகக் கொடுக்கக் கணவனுக்கு உரிமையில்லை என்றும் நூல் கூறுகின்றது. அவர்கள் இணங்கி வாழ்வராயின், அவன் அதிற் சிறிது கொடுக்கலாமாம்.

இவ்விடத்தைச் சற்று நின்று நோக்குதல் தகும். பிள்ளைகள் தாயுடன் தங்குவது விதியாகச் சொல்லப்படவில்லை. கண்கூடான நிகழ்ச்சியாகவே சொல்லப்படுகின்றது. ஈசாக்ஸ் என்ற அயல்நாட்டு அதிகாரி முப்பதாண்டுக் காலம் யாழ்ப்பாணத்து வீடுகளைப் பார்த்துப் பார்த்து அறிந்த உண்மை அது. பிரிவு என்பது அக்காலத்திலும் இருந்தது. பிள்ளைகள் தாயோடு நின்றனர். சீதனக் காணியே அத்தாயின் உலைக்கு அரிசி கொடுத்தது. ஆதலினாலேதான் அதன் மேற் கணவன் கைவைக்க முடியாதென்று வழக்கம் தடுத்தது. "பிள்ளை ஆருக்கு" என்று கேட்போருக்குத் தேசவழமை தரக்கூடிய விடையெல்லாம் இந்த ஓரிடத்தில் அடங்கும். ஆனால், அவதானிப்பாக எழுதப்பட்டது விதியாக எழுதப்படாமையால், பிற்கால நீதிமன்றம் அதனைப் பிள்ளையின் கட்டுக்காப்புக்குரிய சட்டமாகக் கொள்ளவில்லை.

அதனால் விளைந்தது யாது? தேசவழமை பேசாத பொருளிலே, நாட்டின் பொதுச் சட்டமாக நிலைபெற்ற உரோமன் டச்சுச் சட்டம் வந்து புகுந்தது. மணமுறிவைப் பற்றிய அச்சட்டத்தின் வரலாறு விந்தையானது. ஐரோப்பாவிலே கத்தோலிக்கத் திருச்சபை மணத்தை முறிக்கவொண்ணாத பிணைப்பெனக் கொண்டிருந்தது. சீர்திருத்தச் சமயத்தார் எழுந்த பின்னர், அவர்கள் தம் வேதாகமத்தை ஆராய்ந்து, வியபிசாரம், வன்கருத்தோடு கைவிட்டகலுதல் ஆகிய இரு காரணங்களுக்காக மணத்தை முறிக்கலாமென்று கண்டனர். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்து நாட்டுச் சட்டம் அக்கொள்கையைத் தழுவிற்று. ஒல்லாந்தர் கப்பலேறி வந்தபோது அச்சட்டமும் வந்தது. ஆங்கிலேயர் அதனை அகற்றவில்லை. 1847, 1863, 1895 ஆகிய ஆண்டுகளின் விவாகக் கட்டளைச் சட்டங்களுக்குப் பின், 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் மூன்று காரணங்களை வரையறுத்தது: மணத்தின் பின் நிகழ்ந்த வியபிசாரம், வன்கருத்தோடு கைவிட்டகலுதல், மணக்கும்போதே இருந்த தீராத ஆண்மையின்மை அல்லது அதனையொத்த உடற்குறை. ஆகவே, அக்கினி சாட்சியாக, கூறையும் தாலியும் கொண்டு, நல்லூரிலோ வண்ணார்பண்ணையிலோ மணந்த சைவப் பெண்ணொருத்தி அம்மணத்திலிருந்து நீங்க விரும்பினால், ஒல்லாந்து நாட்டுச் சீர்திருத்தச் சமயவாதிகள் ஆராய்ந்து கண்ட காரணத்தையே நீதிமன்றத்தில் எண்பிக்க வேண்டியவளானாள். எவரும் திட்டமிட்டு நிகழ்த்தியதன்று இது. 1707இல் எழுதப்படாதது பின்னர் வாதாட முடியாததாயிற்று, அவ்வளவே.

அண்டை அயலை நோக்கின் வேறுபாடு விளங்கும். கண்டிச் சிங்களவரின் வழக்கத்திலே மணமும் மணநீக்கமும் இலகுவாக இருந்தன. அவ்வழக்கம் எழுத்திலும் சான்றிலும் நிலைத்திருந்தமையால், 1952ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கக் கண்டிய விவாக, விவாகரத்துச் சட்டம் இருவரும் உடன்பட்டுப் பிரிதலையும் ஒரு காரணமாக ஏற்று, அதனைப் பதிவாளரின் முன்னிலையிலேயே முடிக்க வழிசெய்தது. இசுலாமியருக்கு 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் காதி நீதிமன்றங்கள் உண்டு. யாழ்ப்பாணத் தமிழருக்குச் சொத்தில் மட்டுமே தனிச்சட்டம். மணமுறிவிலோ அவர் பொதுச்சட்டத்துக்குட்பட்டவர். "எங்களுக்குத் தேசவழமை இருக்கிறது" என்று பெருமையோடு கூறுவோர் பலர் இவ்வெல்லையை அறியார்.

இதனால் எழும் தவறான எண்ணங்கள் சில. பத்தாண்டு பிரிந்திருந்தால் மணம் தானாகவே முறிந்துவிடுமென்பது ஒன்று. நொத்தாரிசு முன்னிலையில் இருவரும் "இனி ஒருவருக்கொருவர் தொடர்பில்லை" என்று உறுதி எழுதிக் கையொப்பமிட்டால் போதுமென்பது மற்றொன்று. பதிவு செய்யாது கோயிலிலே தாலி கட்டிய மணமாதலால் விவாகரத்தே வேண்டியதில்லை என்பது இன்னுமொன்று. மூன்றும் பிழை. பதிவு மணத்துக்குச் சிறந்த சான்று. ஆனால் வழக்காற்றின்படி முறையாக நிகழ்ந்த மணம் பதிவின்றியும் செல்லும். செல்லும் மணத்தை மாவட்ட நீதிமன்றமே முறிக்க வேண்டும். அங்கும் 1889ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை முதலில் இடைக்காலத் தீர்ப்பையும், மூன்று மாதத்துக்குக் குறையாத காலம் கழிந்தபின் அறுதித் தீர்ப்பையும் விதித்தது. இடைக்காலத் தீர்ப்போடு எல்லாம் முடிந்ததெனக் கருதி மறுமணம் செய்தவர் பின்னர் அடைந்த இக்கட்டு சொல்லுந்தரமன்று. முதல் மணம் சட்டப்படி நீங்காதிருக்கையில் செய்யும் மறுமணம் செல்லாததோடு குற்றமுமாகும்.

குற்றத்தை அடிப்படையாகக் கொண்ட இம்முறையின் பெருங்குறை யாதெனில், பகையின்றிப் பிரிய நினைப்போருக்கும் அது பகையைக் கற்பித்ததே. வெறுமனே "எம்மால் ஒன்றாக வாழ இயலவில்லை" என்றால் நீதிமன்றம் கேளாது. ஒருவர் மற்றவரைக் கைவிட்டதாகக் குற்றஞ்சாட்ட வேண்டும். மற்றவர் எதிர்வாதம் செய்யாதிருக்க வேண்டும். இவ்வாறு முன்னரே பேசிவைத்துக்கொண்டு நடிக்கும் வழக்குகள் பெருகின. மெய்யாகவே கைவிடப்பட்டவளோ, ஊரறிய அவமதிக்கப்பட அஞ்சி வழக்குக்கே போகாதிருந்தாள். 1977ஆம் ஆண்டில் சட்டக்கோவைக்குச் செய்யப்பட்ட திருத்தம் ஒருவாறு கதவைத் திறந்தது. நீதிமன்றம் வழங்கிய பிரிந்துவாழ்தற்றீர்ப்பின் பின் இரண்டு ஆண்டுகள் கழிந்தாலோ, அத்தகைய தீர்ப்பில்லாமலே ஏழு ஆண்டுகள் பிரிந்து வாழ்ந்திருந்தாலோ, கணவன் மனைவியருள் எவரும் மணநீக்கம் வேண்டி விண்ணப்பிக்கலாமென அது விதித்தது. ஆயினும், அப்போதும் குற்றத்தை எண்பிக்க வேண்டுமா என்பதில் நீதிமன்றங்களிடையே கருத்துவேறுபாடு எழுந்தது. பிரிந்து ஏழாண்டு கழிந்த பின்னரும் குற்றவாளியைத் தேடுவது, ஆறிய சாம்பலைக் கிளறி நெருப்புத் தேடுவதை ஒக்குமென்பது என் கருத்து.

இனிப் பிள்ளைகளுக்கு மீள்வோம். உரோமன் டச்சுச் சட்டம் தந்தையை இயற்கைப் பாதுகாவலனாகக் கொண்டது. 1956ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கில், மணம் நிலைத்திருக்கும் வரையில் பிள்ளையின் கட்டுக்காப்புக்குத் தந்தைக்கே முதலுரிமை என்றும், பிள்ளையின் உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஒழுக்கத்துக்கோ ஆபத்து உண்டெனக் காட்டினாலன்றி அவ்வுரிமை நீங்காதென்றும் கூறப்பட்டது. நெடுங்காலத்துக்கு முன்பே யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் தாயுடன் நிற்கக் கண்டதாக ஈசாக்ஸ் எழுதிவைத்திருக்க, 20ஆம் நூற்றாண்டின் நடுவிலும் அத்தாய் தன் பிள்ளையைத் தன்னிடம் வைத்திருப்பதற்குத் தந்தையின் வீடு ஆபத்தானதென்று எண்பிக்க வேண்டியவளாயிருந்தாள் என்பதை நினைக்குந்தோறும் எனக்கு வியப்பே உண்டாகின்றது. வழக்கம் ஒரு திசையிலும் சட்டம் வேறொரு திசையிலும் சென்றமைக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு நம் வரலாற்றில் அரிது.

1960களிலே தீர்ப்புகளின் போக்கு மாறலாயிற்று. இளவர் அனைவருக்கும் மேலான பாதுகாவலர் நீதிமன்றமே என்னும் பழைய கொள்கை ஒன்று உரோமன் டச்சுச் சட்டத்திலேயே உண்டு. அதனைப் பற்றிக்கொண்டு, தந்தையின் உரிமையினும் பிள்ளையின் நலனே தலையாயது என்று நீதியரசர்கள் கூறத் தொடங்கினர். 1991இல் சிறுவர் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையை இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியமை இப்போக்குக்கு மேலும் வலுவூட்டிற்று. பிள்ளையின் வயது, யாரிடம் வளர்ந்து பழகியது, பள்ளிக்கூடம், உடன்பிறந்தார், வளர்ந்த பிள்ளையாயின் அதன் விருப்பம் என்பனவெல்லாம் இவ்வாறாக நீதிமன்றத்தின் நோக்குக்கு உட்பட்டன. ஏழு வயது வரை பிள்ளை தாய்க்கு, பின்னர் தந்தைக்கு என்று ஊரிலே சொல்லப்படும் கணக்குக்குத் தேசவழமையிலும் ஆதாரமில்லை, பொதுச்சட்டத்திலும் இல்லை. குழந்தைப் பருவத்தில் தாயே சிறந்தவள் என்ற எண்ணம் நீதிபதிகளிடம் பெரிதும் இருந்ததுண்டு. ஆயின் அது எண்ணமே, எல்லைக்கல் அன்று.

கட்டுக்காப்பு வழக்கு இருவகையாக வருவதுண்டு. மணநீக்க வழக்கின் இடையிலோ முடிவிலோ மாவட்ட நீதிமன்றம் பிள்ளைகளின் கட்டுக்காப்பு, தாபரிப்பு, கல்வி பற்றிக் கட்டளையிடுவது ஒன்று. பிள்ளையை ஒருவர் தூக்கிச் சென்று மறைத்து வைத்துக்கொண்டபோது, ஆட்கொணர்வு எழுத்தாணை வேண்டி மேலான நீதிமன்றத்தை நாடுவது மற்றொன்று. அரசனின் சிறையிலிருந்து குடிமகனை மீட்கப் பிறந்த எழுத்தாணை, தாயின் வீட்டிலிருந்தோ தந்தையின் வீட்டிலிருந்தோ ஒரு குழந்தையை மன்றுக்கு அழைத்துவரப் பயன்படுவதை ஆங்கிலச் சட்ட வரலாறு கற்போர் குறித்துக்கொள்ளலாம்.

கடல் கடந்து வாழ்வோர் பெருகிய பின்னர் இவ்வழக்குகளும் கடல் கடந்தன. ஒரு நாட்டில் வாழ்ந்த பிள்ளையைப் பெற்றோருள் ஒருவர் மற்றவரின் இசைவின்றி இன்னொரு நாட்டுக்குக் கொண்டுசென்றால், அப்பிள்ளையை வழமையாக வாழ்ந்த நாட்டுக்கே திருப்பியனுப்புவதற்காக ஏற்பட்ட ஹேக் உடன்படிக்கையை நிறைவேற்ற, 2001ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் இலங்கையில் இயற்றப்பட்டது. பிள்ளை எவருக்கென்பதை அச்சட்டத்தின் கீழ் நீதிமன்றம் தீர்ப்பதில்லை. எந்நாட்டு நீதிமன்றம் அதைத் தீர்க்க வேண்டுமென்பதே அங்கு வினா. கனடாவிலோ இங்கிலாந்திலோ இருந்து பிள்ளையை ஊருக்கு அழைத்துவந்துவிட்டால் எல்லாம் சரியாகுமென எண்ணுவோர் இவ்வேறுபாட்டை அறிதல் நலம்.

தாபரிப்பைப் பற்றி மிகச் சுருக்கமாகவே கூறுவேன். 1889ஆம் ஆண்டின் தாபரிப்புக் கட்டளைச் சட்டம் மனைவிக்கும் பிள்ளைக்கும் சோறிடும் கடமையைக் கணவன் மீது மட்டுமே வைத்தது. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம் அதனை நீக்கி, பிள்ளைகளைத் தாபரிக்கும் பொறுப்பைப் பெற்றோர் இருவருக்கும் உரியதாக்கியதோடு, தம்மைத் தாமே தாபரிக்க இயலாத 18 முதல் 25 வயது வரையுள்ள மக்களும் கோரலாமென விதித்தது. உயர்கல்வி கற்கும் மாணவர்க்கு இது பயன்படக்கூடியது. இதற்கு விவாகரத்து வழக்குத் தொடர வேண்டியதில்லை; நீதவான் நீதிமன்றமே போதும்.

மணம் முறியும்போது சொத்துக்கு என்ன நேரும்? இங்கேதான் தேசவழமை மீண்டும் மேடையேறுகின்றது. 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாண விவாக உரிமைகளும் மரபுரிமையும் பற்றிய கட்டளைச் சட்டமும், அதன் 1947ஆம் ஆண்டுத் திருத்தமும் பழைய வழக்கத்தைச் சட்டமொழியில் வடித்தன. மணம் நீங்கினாலோ நீதிமன்றத் தீர்ப்பால் பிரிந்தாலோ, ஒருவரது தேடியதேட்டத்திற் பாதி மற்றவருக்குச் சேரும். சீதனம் மனைவியின் தனிச்சொத்தாகவே நிற்கும். கணவன் தன் சம்பளத்திலே தன் பெயரில் வாங்கிய காணியிலும் மனைவிக்குப் பாதி உண்டென்ற இவ்விதி, வீட்டிலே உழைத்தும் கூலி பெறாதவளின் உழைப்பை மதித்ததொன்றாகும்.

ஆனால், அதே 1911ஆம் ஆண்டுச் சட்டம் இன்னொரு கையால் அவளைக் கட்டிவிட்டது. தனக்கே உரிய அசைவற்ற சொத்தை மணமான பெண் உயிரோடிருக்கையிலே கைமாற்றுவதற்குக் கணவனின் எழுத்துமூலமான சம்மதம் வேண்டுமென அது விதித்தது. 1923ஆம் ஆண்டின் மணமான பெண்களின் சொத்துக் கட்டளைச் சட்டம் இலங்கையின் ஏனைய பெண்களுக்கு இக்கட்டை அவிழ்த்தபோது, தேசவழமைக்குட்பட்ட பெண்கள் விலக்கப்பட்டனர். சீதனத்தின் மேற் கணவன் கைவைப்பதைத் தடுத்த 1707ஆம் ஆண்டு வழக்கத்தையும், சீதனக்காரியே அதன் மேற் கைவைப்பதற்குக் கணவனைக் கேட்கச் சொன்ன 1911ஆம் ஆண்டுச் சட்டத்தையும் பக்கத்திற் பக்கம் வைத்துப் பார்ப்போர், வழக்கம் எழுத்தானபோது யார் பெற்றனர், யார் இழந்தனர் என்பதைத் தாமே அறிவர். இதற்கு மாற்றாகச் சட்டம் ஒரு சிறு வாயிலை மட்டும் விட்டுவைத்தது. கணவன் கைவிட்டுச் சென்றாலோ, இருவரும் மனமொத்துப் பிரிந்திருந்தாலோ, அவன் சிறையிலிருந்தாலோ, சித்த சுவாதீனமற்றிருந்தாலோ, இருப்பிடம் தெரியாதிருந்தாலோ, நியாயமின்றிச் சம்மதம் மறுத்தாலோ, அவள் மாவட்ட நீதிமன்றத்தை விண்ணப்பித்து அதன் அதிகாரத்தைப் பெறலாம்.

இவ்வாயிலை 1911இல் அமைத்தவர்கள், இருப்பிடம் தெரியாத கணவன் என்றால் சிங்கப்பூருக்கோ மலாய் நாட்டுக்கோ உத்தியோகத்துக்குச் சென்று கடிதம் எழுதாதிருந்தவனையே மனத்திற்கொண்டிருப்பர் போலும். 2009இல் முடிந்த போரின் பின்னர் வடமாகாணத்தில் அச்சொற்கள் வேறு பொருள் பெற்றன. காணாமற்போனவனின் மனைவி விதவையுமல்லள், விவாகரத்துப் பெற்றவளுமல்லள். அவனைக் கைவிட்டகன்றவனெனக் குற்றஞ்சாட்டி மணநீக்கம் கேட்க அவள் மனம் ஒப்பாது. 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தற்காலிகச் சட்டத்தின் கீழ் இறப்புச் சான்றிதழ் பெறலாமெனினும், அவன் இறந்தானென்று தன் கையாலேயே எழுதிக்கொடுக்கப் பலர் மறுத்தனர். இதனையுணர்ந்தே 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டம், இறந்தான் என்னாது இங்கில்லை என்று மட்டும் கூறும் காணாமைச் சான்றிதழை ஏற்படுத்திற்று. பிள்ளைகள் அவளுடனேயே நிற்கின்றனர், ஈசாக்ஸ் கண்டவாறே. மூத்த மகளைப் படிப்பிப்பதற்கோ மணம் செய்துவைப்பதற்கோ தாய் தந்த சீதனக் காணியில் ஒரு துண்டை விற்க அவள் முற்படுங்கால், நொத்தாரிசு கேட்பது கணவனின் கையொப்பம். அதற்குப் பதிலாக நீதிமன்றத்தின் அதிகாரத்தைப் பெறுவதற்கு, அவன் எங்கே இருக்கின்றான் என்பது தனக்குத் தெரியாதென்பதை அவள் முதலில் மன்றிலே எண்பித்தல் வேண்டும்.